இரவல் கை

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கைத் தொடுங்கள். சும்மா தொடுங்கள், யாரும் பார்க்கவில்லை. தொட்டுவிட்டீர்களா? விரலுக்கு வழி சொன்னது யார்? கண் மூடியிருந்தது. காதுக்கு இதில் வேலையே இல்லை. ஆனாலும் விரல் கண்ணைக் குத்தாமல், வாய்க்குள் போகாமல், நேராக மூக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. எவ்வளவு பெரிய அதிசயம்! பிறந்ததிலிருந்து செய்கிறோம் என்பதற்காக யாரும் இதை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

நான் பிலோமினா. மதுரையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். "பிலோ மேடம் திட்டுச்சுன்னா கால் தானா நடக்கும்" என்று எங்கள் வார்டில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். திட்டி நடந்த கால் ஒன்றுகூட கிடையாது. ஆனாலும் திட்டுவேன், அது என் சுபாவம்.

சோணைமுத்து எங்களிடம் வருவதற்கு முன்பே அவரை எனக்குத் தெரியும். ஆரப்பாளையம் பக்கம் பரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்றால் கையை ஒருமுறைகூடப் பார்க்க மாட்டார். கண் ரோட்டில் இருக்கும். வாய், "வாங்கண்ணே, சூடா இருக்கு, வாங்க" என்று போகிறவர்களை இழுக்கும். கை தன் பாட்டுக்கு மாவை வீசும், விசிறியாக மடிக்கும், சுருட்டி வைக்கும். நான் பார்சலுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனது என்பது, அவர் கட்டிலிலிருந்து எழப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எழ முடியவில்லை. வாதம் இல்லை. கையைத் தூக்கச் சொன்னால் கை தூக்கியது. ஆனால் அது எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. முதல் நாள் என் கண்ணெதிரே அவருடைய வலது கை அவருடைய கன்னத்திலேயே பளாரென்று அறைந்தது.

"யாரு மேடம் அடிச்சது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் வைத்தேன்.

எங்கள் டாக்டர் ஹிதாயத் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவருக்கும் அவர் மனைவி ராக்காயிக்கும் நிதானமாக விளக்கினார். "புலன் அஞ்சுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ஆறாவதா ஒண்ணு இருக்கு. தசைக்குள்ளயும் மூட்டுக்குள்ளயும் பொடிப்பொடியா உளவாளிங்க இருக்காங்க. 'முழங்கை இவ்வளவு மடங்கியிருக்கு, கால் இந்தப் பக்கம் இருக்கு, கையில இவ்வளவு கனம் இருக்கு'ன்னு மூளைக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருப்பாங்க. மூளையில இருந்து கட்டளை கீழ போற நரம்பு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. சேதி மேல வர்ற நரம்புதான் போச்சு."

"அப்ப கண்ணு தெரியாதவன் பஸ் ஓட்டுற மாதிரியா, சார்?"

"ரோடு கண்ணுக்கு நல்லாத் தெரியுது. டிரைவருக்குப் பஸ் எங்க இருக்குன்னே தெரியல."

ராக்காயி சட்டென்று கேட்டாள்: "கண்ணுதான் இருக்குல்ல? பாத்துப் பாத்து ஓட்டிக்கிட்டா?"

அதைத்தான் செய்தோம். ஒவ்வொரு விரலையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தப் பழக்கினேன். டம்ளரை எடுக்க வேண்டுமா, டம்ளரைப் பார், கையைப் பார், விரல் மூடுகிறதா பார். நிறைந்த டம்ளரும் காலி டம்ளரும் அவருக்கு ஒன்றுதான், கனமே தெரியாது. நடக்கும்போது குனிந்து காலைப் பார்த்தபடியே நடப்பார். ஒரு சாயங்காலம் வராந்தாவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி விளக்கு வந்தபோது, சோணைமுத்து தரையில் துணி மூட்டை மாதிரி கிடந்தார். காலைப் பார்க்க முடியாத அந்தக் கொஞ்ச நேரத்தில் உடம்பு மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. நான் யாரையும் திட்டாத நாள் அது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அப்புறம்தான் டாக்டர் ஹிதாயத்தின் அந்தச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. நாங்கள் அதை 'இரவல்' என்று சொல்வோம்.

விஷயம் இதுதான். சோணைமுத்துவின் கை கால் மூட்டுகளில் அரிசி அளவு உணர்விகளைப் பொருத்தி, அவை சொல்லும் சேதியை மூளைக்கு அனுப்பலாம். பொருத்தியும் ஆயிற்று. ஆனால் இரண்டு வருடம் எந்தச் சேதியும் வராத மூளைக்கு அந்தப் பாஷை மறந்து போயிருந்தது. உணர்விகள் பேசினால் அவருக்கு எறும்பு ஊறுவது போலத்தான் இருந்தது. ஆகவே நல்ல உடம்புள்ள ஒருவர் தாடையிலிருந்து கணுக்கால்வரை ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார். அவருடைய ஒவ்வொரு தசையும் சொல்வதை அந்தச் சட்டை ஒட்டுக்கேட்டு, பக்குவப்படுத்தி, சோணைமுத்துவின் மூளையில் வைத்த சில்லுக்கு அனுப்பும். இரவல் உடம்பில் பாஷையைக் கற்றுக்கொண்ட பிறகு, சொந்த உணர்விகளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"யாரு போட்டுக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டு முடிக்கவில்லை, ராக்காயி எழுந்து நின்றுவிட்டாள்.

முதல் இணைப்பை என்னால் மறக்க முடியாது. சோணைமுத்து கண்ணை மூடிப் படுத்திருந்தார். அறையின் மறுகோடியில் ராக்காயி சட்டையோடு நின்றாள். இடுப்பில் கட்டைவிரல் அளவு பேட்டரி, அதில் பச்சை விளக்கு. டாக்டர் தலையசைத்தார். அவள் வலது கையை மெல்லத் தூக்கினாள்.

சோணைமுத்துவின் கை படுக்கையிலேயே கிடந்தது. ஆனால் அவர் முகம் மாறியது.

"மேடம்... கை மேல போகுது. ஏங் கை மேல போகுது மேடம்! இப்ப மடங்குது. விரல... விரல ஒவ்வொண்ணா..." மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. "ஆத்தி! எனக்கு உடம்பு இருக்கு!"

ராக்காயி கையைத் தூக்கியபடியே நின்று அழுதாள். கீழே இறக்கினால் அவருக்கு அது போய்விடுமோ என்று பயம் அவளுக்கு. தோள் கடுத்துப் போன பிறகும் இறக்கவில்லை. நான்தான் போய்ப் பிடித்து இறக்கினேன்.

அப்புறம் பயிற்சி. அவள் தூக்க, இவரும் தூக்க வேண்டும். அவள் நடக்க, பக்கத்திலேயே இவரும் நடக்க வேண்டும். வார்டில் எல்லாரும் "ரெட்டை மாடு வருது, வழி விடுங்கப்பா" என்று கேலி செய்வார்கள். அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் இவருக்குத் தோள் கனக்கும். "கொறச்சு ஊத்துடி, எனக்கு வலிக்குது" என்பார். நாளுக்கு நாள் அவருடைய நடையில் தைரியம் வந்தது. நிமிர்ந்து பார்த்து நடந்தார். காலைக் குனிந்து பார்க்காமல் நடந்த முதல் நாள், என்னைப் பார்த்து, "மேடம், உங்களுக்கு முடி நரைச்சிருச்சே" என்றார். அந்த இரண்டு வருடத்தில் என் முகத்தை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை.

ஆனால் இரவல் கொடுத்தவளுக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, இல்லையா? ஒருநாள் ராக்காயி சிடுசிடுவென்று என்னிடம் வந்தாள். "மேடம், அவுக அம்மா போன்ல பேசுறப்ப நான் பல்லக் கடிச்சேனாம். அது இவருக்குத் தெரிஞ்சுருச்சு. 'எதுக்குடி பல்லக் கடிக்கிற'ன்னு சண்டை. நான் மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வச்சுக்கிட்டாலும் தோள் இறுகுறது அவருக்குத் தெரியுது. ஒரு பொம்பளைக்குத் தன் பல்லக் கடிச்சுக்கக்கூட உரிமை இல்லையா?"

"சட்டையக் கழட்டி வச்சுட்டுக் கடி" என்றேன்.

"கழட்டுனா மனுசன் சுருண்டு விழுகுறாரே!"

டாக்டரிடம் சொல்லி, தினமும் கொஞ்ச நேரம் அவள் சட்டை இல்லாமல் இருக்க ஏற்பாடு செய்தோம். அந்த நேரத்தில் அவர் கட்டிலோடு கிடப்பார். அவள் வெளியே வேப்பமரத்தடியில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

இப்படி இருக்கையில்தான் சோணைமுத்துவின் நடை கெட ஆரம்பித்தது. முதுகைப் பின்னால் சாய்த்து, காலை அகட்டி வைத்து நடந்தார். நின்றால் ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது. "நேரா நில்லுங்க, என்ன ஜமீன்தார் மாதிரி சாயுறீங்க?" என்று திட்டிப் பார்த்தேன். நிமிர்வார், மறுபடி சாய்வார்.

ஒருநாள் பின்னால் நின்று அந்த நடையையே பார்த்தேன். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கேயோ என்ன, பிரசவ வார்டு வாசலில் தினமும் பார்க்கிற நடைதான். திரும்பி ராக்காயியைப் பார்த்தேன். தொளதொளவென்று ஒரு சுடிதார், அதன் மேல் துப்பட்டாவை அகலமாக விரித்துப் போட்டிருந்தாள்.

"எத்தனாவது மாசம்?" என்றேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. சோணைமுத்துதான் பேசினார். "அஞ்சு மேடம். முன்ன ரெண்டு தடவ தங்கல. ரெண்டு தடவையும் வெளிய சொன்ன மறுவாரமே போச்சு. அதான் இந்தத் தடவ யாருட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அழகருக்கு வேண்டிக்கிட்டோம். எங்க அம்மாட்டகூடச் சொல்லல."

"டாக்டர் மாசா மாசம் கேட்டாரே, உடம்புல ஏதும் மாத்தம் இருக்கான்னு?"

"இல்லன்னு சொல்லிட்டேன்" என்றாள் ராக்காயி. "கண்ணு பட்டுருமேன்னு பயம், மேடம்."

கண் படும் என்று மறைத்தார்கள். மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் மறைத்தால் சரி, ஒவ்வொரு தசையையும் ஒட்டுக்கேட்கிற சட்டைக்கு எப்படி மறைப்பது? அவள் வயிறு முன்னால் வர வர உடம்பு சமன் செய்துகொண்டே வந்தது. அந்தச் சமன் அப்படியே அவருக்கும் போய்ச் சேர்ந்தது. இல்லாத வயிற்றைச் சுமந்துகொண்டு நடந்தார் மனுசன்.

கர்ப்பிணி சட்டை போடக் கூடாது என்பது சோதனையின் முதல் விதி. டாக்டர் ஹிதாயத் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இன்னிக்கோட நிறுத்தணும்" என்றார். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். நினைக்கிறது பத்தாது, நிச்சயமாத் தெரியணும். தெரியாத ஒண்ண ஒரு சிசு மேல வச்சுப் பாக்க என்னால முடியாது."

சோணைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "நிறுத்திருங்க சார். பிள்ளைதான் முக்கியம். ஆனா ஒண்ணே ஒண்ணு. பிள்ள பொறந்தா நான் தூக்கணும். தூக்கிக்கிட்டு அது மூஞ்சியப் பாக்கணும். இப்ப இருக்குற நெலமையில, கையப் பாத்தா பிள்ள மூஞ்சியப் பாக்க முடியாது. மூஞ்சியப் பாத்தா கை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. கீழ போட்டுருவேன் சார்."

இணைப்பை அணைக்க டாக்டர் எழுந்தார். அப்போது சோணைமுத்து, "ஐயோ!" என்றார்.

"என்ன, என்ன ஆச்சு?"

அவர் தன் தட்டையான வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். "உள்ள... உள்ள இருந்து ஏதோ இடிச்சுச்சு. சின்னதா. கோழிக்குஞ்சு முட்டைய இடிக்கிற மாதிரி."

ராக்காயியும் தன் வயிற்றைப் பொத்தியிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டையின் இடுப்புப் பட்டை வயிற்றுத் தசையையும் கேட்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தசையை உள்ளேயிருந்து ஒரு குட்டிக்கால் உதைத்தால் அந்தச் சேதி எங்கே போகும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அது கம்பி ஏறி, காற்றில் பறந்து, தன் உடம்பையே தொலைத்திருந்த ஒரு தகப்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் எந்த ஆணுக்காவது இது கிடைத்திருக்குமா? நான் சிலுவை போட்டுக்கொண்டேன். டாக்டர் ஹிதாயத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"மறுபடி வருமா?" என்று சோணைமுத்து குழந்தை மாதிரி கேட்டார். வந்தது. பிறகு டாக்டர் அணைத்தார். இவர் சாய்ந்து விழாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

சொந்த உணர்விகளுக்கு முன்கூட்டியே மாற்றினோம். கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாக இருந்தது. கை எங்கே என்று கேட்டால் சொன்னார். நடந்தார். முதுகுச் சாய்வு போய்விட்டது. ஆனால் கையில் எதையாவது கொடுத்துவிட்டால் போதும், வேர்த்துப் போகும். "இது மிஷினு சொல்றது. மிஷினு பொய் சொன்னா?" என்று கண் கைக்கு ஓடும். கண் போய் உட்கார்ந்ததும் மூளை மற்ற சேதியைக் காதில் வாங்காது. பழைய கதைதான். ஒருமுறை நான் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்துக்கொண்டே தலையணையைத் தூக்க வைத்தேன். என்னைப் பார்த்தார், தலையணை ஞாபகம் வந்தது, பயந்தார், போட்டுவிட்டார். கீழே கிடந்த தலையணையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். சோணைமுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை. யார் "தூக்குங்க" என்று நீட்டினாலும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு ராக்காயி டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். வெளியே வந்து, "மறுபடி சட்டை போட்டுக்கறேன். டாக்டர் சரின்னுட்டாரு. இனி நான் கர்ப்பிணி இல்லைல்ல" என்று என்னிடம் சொன்னாள்.

"எதுக்கு? மறுபடியும் ரெட்டை மாடா?"

"ஒரே ஒரு தடவ. மாமா என் கையால பிள்ளையத் தூக்கட்டும்."

அந்தக் காலை நேரத்தைப் பற்றி என்னைக் கேட்டால் இன்றும் அப்படியே சொல்வேன். சிகிச்சை அறையின் ஜன்னல் வழியே வெயில் தரையில் விழுந்திருந்தது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். ராக்காயி சட்டையோடு, இரண்டு கையையும் மடித்து, காற்றை ஒரு குழந்தையாக ஏந்திக்கொண்டு நின்றாள். அவளைப் போலவே சோணைமுத்துவும் கையை மடித்தார். நான் குழந்தையைக் கொண்டுபோய் அந்தக் கைகளில் வைத்தேன். வைத்துவிட்டு, என் கைகளை எடுக்காமல் அடியில் ஒரு சாண் விட்டு நீட்டிக்கொண்டேன். விழுந்தால் பிடிக்கணுமே!

"என் கை தெரியுதா, மாமா?" என்றாள் ராக்காயி.

"தெரியுது."

"அப்ப கையப் பாக்காத. பிள்ளையப் பாரு."

சோணைமுத்து மெல்லக் கண்ணை உயர்த்தினார். குழந்தை அவரைப் பார்த்தது. அவர் குழந்தையைப் பார்த்தார். முதல் தடவையாக, கையை மறந்து, மூச்சை மறந்து பார்த்தார். குழந்தை காலை உதைத்தது. அவருடைய முழங்கை அதற்கேற்பத் தாழ்ந்து, தாங்கி, மறுபடி உயர்ந்தது. ராக்காயியின் கை அசையவே இல்லை.

இதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கவனித்ததும் அவளுடைய இடுப்பைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரியவில்லை. பேட்டரியே இல்லை.

என் உயிரே போய்விட்டது. வாயைத் திறக்கப் போனேன். மூலையில் நின்ற டாக்டர் ஹிதாயத் உதட்டில் விரல் வைத்தார். ராக்காயி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். பிறகு, அடிப்பாவி, ஏந்தியிருந்த கைகளைச் சாவகாசமாகக் கீழே இறக்கி, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பேட்டரி அங்கே இருந்தது. முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

"மாமாவுக்கு அவரு கை மேல நம்பிக்கை இல்ல மேடம்" என்று என் காதோரம் கிசுகிசுத்தாள். "என் கை மேல இருக்கு. அதான்."

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் கை காலியாக இல்லை.

குழந்தை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கொஞ்சம் ஆட்டவும் தொடங்கியிருந்தார். ராக்காயி அவருக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "மாமா, நான் கைய எடுத்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?"

"தெரியும்" என்றார், குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன தெரியும்?"

"பிலோ மேடம் பிள்ளைய வச்சப்பவே தெரியும். நீ காத்தத் தூக்கிட்டு நிக்கிற. எனக்குக் கனக்குதுல்ல? அப்ப இது யாரு கை?"

ராக்காயியின் சிரிப்பு அப்படியே நின்றது. கண் நிறைந்துவிட்டது. "தெரிஞ்சுமா பயப்படாம நின்ன? கையக் குனிஞ்சு பாக்கணும்னு தோணலையா?"

"எங்குட்டுப் பாக்க? இவதான் என்னையவே பாத்துக்கிட்டு இருக்காளே." பிறகு முதல் தடவையாகக் கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தார். குழந்தை கையிலேயே இருந்தது. "மேடம், உங்க கைய எடுங்க. பிள்ள காலு இடிக்குது."

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையும் இன்னும் குழந்தைக்கு அடியிலேயே நீட்டிக்கொண்டு நின்றன. எடுத்துவிட்டேன்.